தொடர்களில் வரும் புத்தர்: ஒலி ஒளித் தொடர்களில் பௌத்தமும் நம் போதகப் பணியும்

முன்னுரை

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் நாம் சபைப் பணியாற்றிய நாட்களில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாகும். விமானப்படை நிலையத்தை ஒட்டிய அவ்வூரில் பல மாநிலத்தாரும் பல சமயத்தாரும் அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர். ஒரு சனிக்கிழமை மாலை, திடப்படுத்தல் வகுப்பில் உயிர்த்தெழுதலைக் குறித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். 15 வயது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, செத்த பிறகு மனிதன் ஆறு வழிகளில் ஒன்றில் பிறக்கிறான் என்று நான் பார்க்கும் தொடரில் வருகிறது. உயிர்த்தெழுதல் என்பது அந்த ஆறில் சேராத ஏழாவது வழியா?" என்று கேட்டான். "பொம்மைப் படத்தில் வருவதையெல்லாம் இங்கே கொண்டுவராதே" என்று நாம் மறுமொழி கூறினோம். வகுப்பு சிரித்தது. பையன் அமர்ந்தான். அதன் பின் அவன் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

சில வாரங்கள் கழித்து அவன் இல்லத்தைச் சந்திக்கச் சென்றோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் லாரி விபத்தில் மூத்த மகனை இழந்த குடும்பம் அது. தாயார் தயங்கித் தயங்கிக் கூறினார்: "ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. இராத்திரியில் தூக்கம் வருவதில்லை. போனில் ஒரு பௌத்தர் பேசுவதைக் கேட்கிறேன். மூச்சைக் கவனி என்று மட்டும்தான் அவர் சொல்கிறார். ஏன் இப்படி நடந்தது என்று காரணம் சொல்வதில்லை. அதனால்தான் கேட்கிறேன்." அம்மகனின் அடக்க ஆராதனையன்று காரணங்கள் பல எடுத்துக் கூறியவர் வேறு யாருமல்லர், நாமே.

மகனுடைய கேள்விக்கும் தாயாருடைய சொல்லுக்கும் அன்று நம்மிடம் விடையில்லை. பௌத்தம் நம் குருமனைகளின் அலமாரியில் சமய ஒப்பீட்டு நூலின் ஓர் அதிகாரமாக மட்டும் உறங்குகையில், நம் சபையாரின் இல்லங்களுக்குள் அது வாரந்தோறும், இரவுதோறும் தொடராக வந்துகொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அத்தொடர்கள் எத்தகையன, அவற்றில் உண்மைப் பௌத்தம் எவ்வளவு, அவற்றை நாம் எங்ஙனம் எதிர்கொள்வது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொடர் என்னும் வடிவம் பௌத்தத்திற்குப் புதிதன்று

தொலைக்காட்சி வந்த பின்னரே பௌத்தம் தொடர் வடிவம் பெற்றது என்று கருதுவது தவறு. பாலி மொழியில் தொகுக்கப்பட்ட சாதகக் கதைகள் 547. ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் ஒரு கதை. எனினும் குரங்காய், யானையாய், வணிகனாய், அரசனாய்ப் பிறந்து பிறந்து நிறைவை நோக்கி நடக்கும் போதிசத்துவர் ஒருவரே அவை அனைத்தையும் ஒரு நூலிலே கோக்கின்றார். பாத்திரம் ஒன்று, பிறவிகள் பல என்னும் இவ்வமைப்பு தொடர்கதைக்கு இயல்பாகவே பொருந்துகின்றது.

நம் தமிழில் முழுமையாய்க் கிடைத்துள்ள பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையும் 30 காதைகளால் ஆயது. ஒவ்வொரு காதையும் தன் தலைப்பிலேயே இன்ன நிகழ்ச்சியைக் கூறுவது என்று அறிவித்துவிடுகின்றது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியது ஒரு காதை. உலக அறவியில் புகுந்தது மற்றொன்று. கேட்போர் ஒரு நாளைக்கு ஒன்றாகக் கேட்கத்தக்க அளவினவாகவே அவை அமைந்துள்ளன.

இத்தொடர்கதை திருச்சபைக்குள்ளும் ஒருமுறை நுழைந்ததுண்டு. அரசிளங்குமரன் ஒருவனைத் துன்பம் அறியாதபடி தந்தை அரண்மனைக்குள் வைத்து வளர்ப்பதும், அவன் வெளியே வந்து நோயையும் முதுமையையும் கண்டு திடுக்கிடுவதும், பர்லாம் என்னும் துறவியின் போதனையால் கிறிஸ்தவனாவதும் இடைக்கால ஐரோப்பாவில் மிகவும் விரும்பப்பெற்ற புனிதர் வரலாறாகும். அக்குமரன் பெயர் யோசபாத். போதிசத்துவர் என்னும் சொல் அரபியில் பூதாசஃப் என்றாகி, ஒரு புள்ளியின் மாற்றத்தால் யூதாசஃப் என்று திரிந்து, ஜார்ஜிய, கிரேக்க மொழிகளின் வழியாக இலத்தீனில் யோசபாத் ஆயிற்று என்று அறிஞர் தெளிவுபடுத்தியுள்ளனர். பர்லாமும் யோசபாத்தும் உரோமைத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் நவம்பர் 27ஆம் நாளில் இடம்பெற்றனர். கதையின் மூலத்தை அறியாமலேயே கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகள் சித்தார்த்தரின் துறவைப் புகழ்ந்து வந்துள்ளனர். ஆகவே, இன்று நம் பிள்ளைகள் தொடரின் வழியாகப் பௌத்தத்தை அறியாமலே அறிந்துகொள்வது கண்டு நாம் அதிர்ச்சியடையத் தேவையில்லை.

2. இன்றைய தொடர்கள்: நான்கு வகைகள்

(அ) வாழ்க்கை வரலாற்றுத் தொடர்கள்

சவகர்லால் நேருவின் நூலைத் தழுவி ஷியாம் பெனகல் இயக்கிய 53 பகுதிகள் கொண்ட தொடர் 1988இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. அசோகரின் மனமாற்றத்தை நாடு முழுவதும் ஒருசேரக் கண்டது அதன் வாயிலாகவே. 2013இல் சீ தொலைக்காட்சியில் புத்தரின் வாழ்வே முழுநீளத் தொடராயிற்று. ஜப்பானில் ஒசாமு தெசூகா 1972 முதல் 1983 வரை புத்தரின் வாழ்க்கையைச் சித்திரத் தொடராக வரைந்தார். அதன் முதற்பகுதி 2011இல் இயங்குபடமாகவும் வந்தது. தெசூகா அடிமைச் சிறுவனையும் தீண்டப்படாத சிறுவனையும் தம் கற்பனையாற் படைத்துக் கதையின் முன்னணியில் நிறுத்துகின்றார். சாதியக் கொடுமை அங்கே கதையின் நடுநாயகமாகிவிடுகின்றது.

இத்தகைய தொடர்களில் பெரும்பாலும் தவறாது வரும் காட்சி ஒன்றுண்டு. முதியவர், நோயாளர், பிணம், துறவி என்னும் நான்கையும் கண்டு சித்தார்த்தர் நள்ளிரவில் மனைவியையும் மகவையும் விட்டுப் புறப்படும் காட்சியே அது. ஆனால் பழைய பாலி நூல்களுள் ஒன்றான அரியபரியேசன சுத்தத்தில் பெற்றோர் கண்ணீர் சொரிய அவர் தலைமயிர் களைந்து சென்றார் என்றே காண்கிறோம். நாற்காட்சி அங்கில்லை. மகாபதான சுத்தத்தில் அது விபஸ்ஸி என்னும் முந்தைய புத்தரின் வரலாறாகக் கூறப்படுகின்றது. கௌதமருக்கு அது பிற்கால வரலாறுகளில் ஏற்றப்பட்டது. அண்ணல் அம்பேத்கரோ, அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த தம் நூலில், நாற்காட்சிக் கதையை ஏற்க மறுத்தார். 29 வயது வரை ஒருவர் முதுமையையும் சாவையும் அறியாதிருந்தார் என்பது நம்பத்தக்கதன்று என்பது அவர் வாதம். உரோகிணி ஆற்று நீர் குறித்துச் சாக்கியருக்கும் கோலியருக்கும் மூண்ட பூசலில் போரை மறுத்ததனாலேயே சித்தார்த்தர் நாட்டை விட்டகன்றார் என்று அவர் எழுதினார். எனவே, ஒரு தொடர் எந்தக் கதையைத் தேர்ந்துகொள்கிறது என்பதே அது எந்தப் பௌத்தத்தைப் போதிக்கிறது என்பதைக் காட்டிவிடும். நற்செய்தி நூல்களை ஒப்பிட்டுக் கற்கும் நம் மாணவர்கட்கு இது எளிதில் விளங்கும்.

(ஆ) ஜப்பானிய இயங்குபடத் தொடர்கள்

அனிமே என வழங்கும் இத்தொடர்களே இளைஞரிடையே மிகுந்த செல்வாக்குப் பெற்றவை. இவற்றுட் சில பௌத்தத் துறவியரையே தலைவராகக் கொண்டவை. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இக்க்யூ என்னும் ஜென் துறவியின் இளமைப் பருவத்தைக் கற்பனையாக விரித்த தொடர் 1975 முதல் 1982 வரை 296 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. வேறு சில பௌத்தப் பெயர்களையும் உருவங்களையும் மட்டும் எடுத்தாள்கின்றன. 'டிராகன் பால்' தொடரின் தலைவன் பெயராகிய கோக்கு, சீனத்துப் 'மேற்றிசைப் பயணம்' என்னும் நாவலில் வரும் குரங்கின் பெயரை ஜப்பானியர் ஒலிக்கும் முறையிலிருந்து பிறந்தது. அந்நாவலிலே குரங்கு துணைசெல்லும் துறவி கற்பனைப் பாத்திரம் அல்லர். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, ஏறத்தாழ 640இல் நம் காஞ்சிபுரத்தையும் கண்டு எழுதிய யுவான் சுவாங்கே அவர். முத்தாபுதுப்பேட்டைச் சிறுவன் பார்க்கும் சண்டைத் தொடரின் வேர், அவன் ஊரிலிருந்து பேருந்தில் ஓரிரு மணி நேரத்தில் அடையக்கூடிய காஞ்சியைத் தொட்டுச் செல்கின்றது என்பது வியப்பிற்குரியது.

தமிழ்ப் பேச்சுடன் நம் நாட்டிலும் ஒளிபரப்பான 'நருட்டோ' தொடரில் வரும் ஆறு உடல்கள் தேவர், அசுரர், மனிதர், விலங்கு, பசிப்பேய், நரகர் என்னும் ஆறு கதிகளின் பெயர்களைத் தாங்குகின்றன. நம் மாணவன் கேட்ட ஆறு வழிகள் இவையே. மணிமேகலையின் இறுதிக் காதையும் ஆறு கதிகளை எண்ணுகின்றது. அங்கே அசுரருக்குப் பதிலாகப் பிரமர் இடம்பெறுகின்றனர், மற்ற ஐந்தும் ஒன்றே. பொம்மைப் படம் என்று நாம் தள்ளியது தமிழ்க் காப்பியத்திற் படித்திருக்கவேண்டிய பாடமாயிருந்தது.

2019இல் தொடங்கிய 'டீமன் சிலேயர்' தொடர் மற்றோர் எடுத்துக்காட்டு. 2025 செப்டம்பரில் அதன் திரைப்படம் தமிழ்ப் பேச்சுடனும் நம் திரையரங்குகளுக்கு வந்தது. அதில் அரக்கரை வெட்டி வீழ்த்தும் இளைஞன், வீழ்ந்த அரக்கனும் ஒருகால் மனிதனாயிருந்தான் என்று இரங்கி வேண்டுகின்றான். செபமணி தரித்த வீரர் ஒருவர் அமிதாப புத்தரின் பெயரை உச்சரித்துக்கொண்டே போரிடுகின்றார். இது ஹோனென் (1133-1212), ஷின்ரான் (1173-1263) ஆகியோர் வளர்த்த தூய பூமி மரபின் சாயலாகும். தன் முயற்சியால் அன்று, அமிதாபரின் அருளாலேயே மீட்பு என்று அம்மரபு போதிக்கின்றது. கார்ல் பார்த் தம் திருச்சபை இறைக்கோட்பாட்டு நூலில் இம்மரபை எடுத்துக்கொண்டு, சீர்திருத்தச் சபையின் அருட்கோட்பாட்டிற்கு இவ்வளவு நெருங்கிய ஒன்று வேறு சமயத்தில் இருப்பதை ஒளியாமல் ஒப்புக்கொண்டார். நம் சமயத்தை மெய்யாக்குவது கோட்பாட்டின் அழகு அன்று, இயேசு கிறிஸ்து என்னும் நாமமே என்று அவர் முடித்தார். அருளைப் பற்றி அருளுரையாற்றும் நமக்கு இது நல்ல எச்சரிக்கை.

இயேசுவும் புத்தரும் டோக்கியோவை அடுத்த தச்சிகாவாவில் ஒரே வாடகை அறையில் விடுமுறை கழிப்பதாக ஹிகாரு நாகமுரா 2006 முதல் வரைந்துவரும் நகைச்சுவைச் சித்திரத் தொடரையும் நம் இளைஞர் அறிவர். 2013இல் அது திரைப்படமாயிற்று. அங்கே இருவரும் அன்பான நண்பர்கள். யாரையும் இழிவுபடுத்தும் நோக்கம் அதில் இல்லை. ஆயினும் சிலுவை அங்கே ஒரு நகைச்சுவைக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. துக்கம் என்னும் புத்தரின் முதல் வாய்மையும் அவ்வாறே சுருங்கிவிடுகிறது. இரு சமயங்களின் முட்களையும் ஒடித்துவிட்டே அவ்வறையில் நட்பு குடியேறுகின்றது.

(இ) ஆவணப்படங்கள்

ஆவணப்படம் என்றவுடன் அதை உண்மை என்று எண்ணிக்கொள்வது நம் இயல்பு. 2010இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் டேவிட் க்ரூபின் வழங்கிய படம் போன்றவை அழகும் நேர்மையும் உடையவை. எனினும் மேனாட்டாருக்காக எடுக்கப்படும் படங்களிற் பல, போதிமரம், பனிமலை, புன்னகைக்கும் துறவி என்னும் காட்சிகளோடு நின்றுவிடுகின்றன. தமிழராகிய நாம் அவற்றை முழுமையென ஏற்க இயலாது. 1956ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். புத்தரின் 2500ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட அவ்வாண்டிலேயே இலங்கையில் சிங்களம் மட்டும் என்னும் சட்டம் நிறைவேறியது. அதற்காகக் குரல் எழுப்பியோருள் பிக்குகளும் இருந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். ஒரே சமயம் ஓரிடத்தில் ஒடுக்குவோரின் கொடியாகவும், மற்றோரிடத்தில் ஒடுக்கப்பட்டோரின் விடுதலையாகவும் நின்றது. கிறிஸ்தவத்தின் வரலாறு இதற்கு வேறுபட்டதன்று என்பதை நினைவிற் கொண்டே இதனை நாம் கூறவேண்டும்.

(ஈ) ஒலித்தொடர்கள்

பாட்காஸ்ட் என வழங்கும் ஒலித்தொடர்கள் நான்காம் வகை. கலிபோர்னியாவில் கில் ஃப்ரான்ஸ்டல் ஆற்றும் உரைகள் பல ஆண்டுகளாக இங்ஙனம் கட்டணமின்றி உலகெங்கும் கேட்கப்படுகின்றன. தியானத்தை மருத்துவமுறையாக்கும் போக்கும் இதனோடு இணைந்தது. ஜான் கபட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியே அதன் ஊற்று. மறுபிறப்பும் நிருவாணமும் அங்கே இல்லை, மூச்சும் கவனமும் மட்டுமே எஞ்சின. பௌத்தரிற் பலர், இது மருந்தை விட்டுக் குப்பியை மட்டும் விற்பது என்று குறைகூறுகின்றனர்.

நம் பகுதிக்கு இது அயலன்று. பூந்தமல்லிக்குத் தெற்கே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்னும் விபசனா தியான நிலையம் உள்ளது. பர்மாவில் பிறந்து, 1969இல் இந்தியாவிற் கற்பிக்கத் தொடங்கி, 2013இல் மறைந்த ச. நா. கோயங்காவின் முறை அங்கே பின்பற்றப்படுகின்றது. பத்து நாட்கள் பேசாது அமர்வோருக்கு ஒவ்வொரு மாலையும் அவருடைய உரை ஒலிப்பதிவிலிருந்து ஒலிக்கின்றது. ஆசிரியர் மறைந்த பின்னும் தொடர் நிற்கவில்லை. பாட்காஸ்ட் என்னும் பெயர் தோன்றுமுன்னரே அவ்வடிவத்தை இம்முறை கையாண்டுவிட்டது எனலாம்.

3. தமிழ் மண்ணில் மறக்கப்பட்ட தொடர்

இதுகாறும் கூறியவற்றினும் நமக்கு நெருங்கியது ஒன்றுண்டு. 1898ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தார். அவ்வாண்டிலேயே பண்டிதர் க. அயோத்திதாசர் (1845-1914) கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 சூன் 19ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது 'தமிழன்' என்று பெயர் பெற்றது. அவ்விதழிலே வாரந்தோறும் தொடராக வந்த புத்தர் வரலாறே 1912இல் 'புத்தரது ஆதிவேதம்' என்னும் நூலாயிற்று. மணிமேகலையைப் போலவே அதன் பகுதிகளுக்கும் அவர் காதை என்றே பெயரிட்டார். கோலார் தங்கவயலின் தொழிலாளரும் கடல் கடந்து சென்றோரும் வாராவாரம் அவ்விதழை எதிர்பார்த்திருந்தனர். தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டோர் உண்மையில் பூர்வ பௌத்தரே, பௌத்தத்தை விடாதிருந்தமையாலேயே தாழ்த்தப்பட்டனர் என்பது அவர் கொள்கை. வரலாற்றாசிரியர் இதனை முழுதும் ஏற்பதில்லை. ஆயினும், இழிந்தவர் என்று கூறப்பட்ட மக்களுக்கு இழந்த பெருமையை வாரம் ஓரணாவிற்கும் குறைந்த விலையில் கொண்டுவந்து கொடுத்தது அத்தொடர்.

அவருடன் ஒத்துழைத்தவரும் 1907இல் பௌத்த சாரம் குறித்து ஆங்கில நூல் வெளியிட்டவருமாகிய பேராசிரியர் பொ. லட்சுமிநரசு, நம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அறிவியல் கற்பித்தவர். கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு அருகிருந்தே பலர் பௌத்தத்தை நாடினர் என்பது நாம் சிந்திக்கத்தக்கது. திருச்சபைக்குள் நுழைந்துவிட்ட சாதியை அயோத்திதாசர் கடிந்து எழுதினார். அக்கடிந்துரைக்கு விடை கூற நமக்கு இன்றும் எளிதன்று.

அத்தொடர் இன்று புது வடிவில் மீண்டும் வருகின்றது. 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் பெயர் அயோத்திதாசரின் சாதிபேதமற்றோர் என்னும் சொல்லை நினைவூட்டுவது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய இயக்குநர் பா. ரஞ்சித் ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தில் பிறந்தவர். 2023இல் ஓர் இந்தித் திருமணத் தொடரின் பகுதி ஒன்றில் தலித் பெண் ஒருவர் பௌத்த முறையில் மணம் புரிகின்றார். அக்காட்சியைக் கண்ட இளைஞரிடம் பௌத்தம் தன்மானத்தின் பெயராகவே சென்று சேர்ந்தது. நம் சபைகளில் அமர்ந்திருப்போருட் பெரும்பாலோர் எந்தச் சமுதாயத்திலிருந்து வந்தவர்கள் என்பதை நாம் அறிவோம். அயோத்திதாசரின் வாசகர்களும் நம் சபையாரின் முன்னோரும் ஒரே சேரிகளில் வாழ்ந்தவர்கள். ஒரு வீட்டில் அண்ணன் ஞானஸ்நானம் பெற, தம்பி பஞ்சசீலம் ஏற்றிருக்கலாம். ஆகவே, இங்கே நாம் பேசுவது அயல் சமயம் ஒன்றைப் பற்றியன்று, பிரிந்து சென்ற உறவைப் பற்றியாகும்.

நாம் ஒப்புக்கொள்ளவேண்டிய கடன் ஒன்றும் உண்டு. நாகப்பட்டினத்தில் சோழர் காலப் பௌத்தத்தின் எச்சமாய் நின்ற கோபுரம், கிறிஸ்தவத் துறவியரின் வேண்டுகோளின்பேரில் அரசின் அனுமதியுடன் 1867இல் இடிக்கப்பட்டது. அவ்வூரில் கிடைத்த செப்புத் திருமேனிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். இடித்தவர் வேறு சபையார் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. மயிலை சீனி. வேங்கடசாமி 1936இல் கிறித்தவமும் தமிழும் என்னும் நூலை எழுதினார். 1940இல் பௌத்தமும் தமிழும் என்னும் நூலையும் எழுதினார். இரு சமயங்களுக்கும் ஒரே நேர்மையுடன் கைம்மாறு செய்த அவர் எந்த இறையியல் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர்.

4. இறையியல் நோக்கு

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். உயிர்த்தெழுதல் ஏழாவது வழியா? அன்று, ஏனெனில் ஆறு கதிகளும் ஒரே சக்கரத்தின் ஆரங்கள். தேவர் உலகும் அச்சக்கரத்தினுள் அடங்கியதே, அங்கிருந்தும் விழவேண்டும். புத்தர் காட்டியது மேலான பிறவியை அன்று, பிறவாமையையே. தொடர்கள் பெரும்பாலும் இதனை மறைத்துவிடுகின்றன. மறுபிறப்பை அவை இரண்டாம் வாய்ப்பாகவும் இன்பமாகவும் காட்டுகின்றன, பௌத்தமோ அதனை அறுக்கவேண்டிய தளையாகக் காண்கின்றது. இவ்வகையில் தொடர்களை நம்பும் இளைஞனுக்கு முதலில் பௌத்தத்தையே சரியாக விளக்கவேண்டியவராய் இருக்கின்றோம்.

அடுத்து, பிறவிதோறும் செல்லும் ஆன்மா ஒன்று இல்லை என்பது பௌத்தத்தின் அநாத்மக் கோட்பாடு. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்படுவதுபோல் வினையின் தொடர்ச்சி உண்டு, கடந்து செல்லும் பொருள் இல்லை. இங்கே நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். அடக்க ஆராதனைகளில் நாம் போதிப்பது வேதாகம விசுவாசமா, அல்லது அழியாத ஆன்மா உடற்கூட்டை விட்டுப் பறந்தது என்னும் கிரேக்கக் கருத்தா? இலங்கை மெதடிஸ்த இறையியலறிஞர் லின் டி சில்வா (1919-1982) 1975இல் வெளியிட்ட ஆய்வில் இதனை எடுத்துக்கொண்டார். மனிதனிடம் தானாக நிலைக்கும் பொருள் ஒன்றும் இல்லை என்பதில் வேதாகமமும் பௌத்தமும் அருகருகே நிற்கின்றன என்றார். மனிதன் மண், அவனை உயிரோடு நிறுத்துவது தேவனுடைய ஆவி. அந்த உறவு அற்றால் அவன் ஒன்றுமில்லை, அந்த உறவு நிலைத்தால் சாவும் அவனை அழிக்கமாட்டாது. 1 கொரிந்தியர் 15இல் பவுல் விதையையும் செடியையும் கொண்டு விளக்குவது இதனையே. உயிர்த்தெழுதல் நம்முள் இருக்கும் ஏதோ ஒன்றின் தொடர்ச்சி அன்று, தேவன் புதிதாய்ச் செய்யும் செயல். எபிரெயர் 9ஆம் அதிகாரம் மனிதனின் சாவையும் கிறிஸ்துவின் பலியையும் ஒரேதரம் என்னும் சொல்லால் இணைக்கின்றது. தொடர்கதைக்கும் நற்செய்திக்கும் உள்ள ஆழ்ந்த வேறுபாடு இதுவே: நம் மீட்பு அடுத்த பகுதிக்குத் தள்ளிவைக்கப்படவில்லை.

தாயாரின் சொல் இதனினும் கடினமானது. அவர் பௌத்தக் கோட்பாட்டைத் தேடிச் செல்லவில்லை, காரணம் கூறாத ஒரு குரலைத் தேடினார். வினைக் கோட்பாடு காரணம் கூறும் என்பர். ஆனால் அவ்வொலித்தொடர் அதனைக் கூறவில்லை. காரணம் கூறியவர் நாம். தேவசித்தம் என்றோம், பரலோகத்திற்கு அவன் தேவைப்பட்டான் என்றோம். யோவான் 9இல் பிறவிக் குருடனைக் கண்ட சீடர், யார் செய்த பாவம் என்று வினவுகின்றனர். இயேசு அக்கணக்கை மறுக்கின்றார். லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டோரைப் பற்றியும் அவ்வாறே மறுக்கின்றார். யோபுவின் நண்பர் ஏழு நாட்கள் அவனோடு தரையில் ஒன்றும் பேசாது அமர்ந்திருந்தனர். வாய் திறந்தபோதுதான் அவர்கள் தவறினர். நம் வேதமே கற்றுத்தரும் அமைதியை ஒரு பௌத்தரிடம் அத்தாயார் கேட்கநேர்ந்தது அவருடைய விசுவாசக் குறைவு அன்று, நம் பணியின் குறைவேயாகும்.

அதற்காக மூச்சைக் கவனித்தலும் செபமும் ஒன்றே என்று நாம் கூறத் துணியோம். விபசனா எழுவதையும் மறைவதையும் நோக்கிப் பற்றை விடுவிக்கின்றது. கிறிஸ்தவச் செபமோ ஒருவரை நோக்கி அழைக்கின்றது, அழுகின்றது, முறையிடுகின்றது. மகனை இழந்த தாயின் பற்றை நாம் நோய் என்று கூறமாட்டோம். லாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டார். ஆயினும் கீழைத் திருச்சபையின் துறவியர் மூச்சோடு இணைத்து இயேசுவின் நாமத்தை வேண்டிய மரபு நமக்கும் உண்டு. அதனை நாம் சபையாருக்குக் கற்பித்ததில்லை.

5. போதகப் பணிக்குச் சில குறிப்புகள்

முதலாவது, பாராமற் பழியாதிருப்போமாக. அயலானுக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி கூறாதிருக்கும் கட்டளை அயலானின் சமயத்திற்கும் பொருந்தும். நம் இளைஞர் பார்க்கும் தொடரின் இரண்டு மூன்று பகுதிகளையேனும் அவர்களோடு அமர்ந்து பார்த்தல் நன்று.

இரண்டாவது, எந்தத் தொடரைக் குறித்தும் மூன்று வினாக்களை எழுப்பப் பழக்குவோமாக. இக்கதை எந்த நூலிலிருந்து அல்லது எந்தக் கற்பனையிலிருந்து வந்தது? பௌத்தர் ஒருவர் இதனைத் தம்முடையதென ஏற்பாரா? இது நம் விசுவாசத்தை நோக்கி எழுப்பும் கேள்வி யாது? முதல் வினா வரலாற்று நேர்மையையும், இரண்டாவது அயலான்மீது மதிப்பையும், மூன்றாவது மனந்திரும்புதலையும் வளர்க்கும்.

மூன்றாவது, வாலிபர் கூட்டங்களில் மணிமேகலையையும் அயோத்திதாசரையும் அறிமுகப்படுத்துவோமாக. எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு ஒரு நாள் அழைத்துச் செல்வது பத்து விரிவுரைகட்கு ஈடாகும். பசியைப் பிணியென்று கண்டு பாத்திரம் ஏந்திய பெண்ணின் கதை, ஐந்து அப்பங்களின் கதையைப் படிப்போருக்கு அயலாகாது.

நான்காவது, துக்கமுற்ற வீடுகளுக்கு நாற்பதாம் நாளுக்குப் பின்னும் செல்வோமாக. ஒலித்தொடர் ஒவ்வோர் இரவும் வருகின்றது. ஆயர் அடக்கத்தன்றும் ஆண்டு நிறைவன்றும் மட்டுமே வருகின்றார். இவ்விரண்டில் எது சபையாரின் உள்ளத்தில் இடம்பெறும் என்பதை விளக்கத் தேவையில்லை.

முடிவுரை

பௌத்தம் தொடர்களின் வழியாக நம் இல்லங்களுக்கு வருவது திருச்சபைக்கு நேர்ந்த ஆபத்து என்று சிலர் கருதலாம். நாம் அங்ஙனம் கருதவில்லை. நாம் கேளாதிருந்த கேள்விகளை அது நம் பிள்ளைகளின் வாயில் வைத்திருக்கின்றது. அவற்றை நகைத்து அடக்கினால் கேள்விகள் மறைவதில்லை, பிள்ளைகளே மறைந்துவிடுகின்றனர்.

அம்மாணவனிடம் பின்னர் நாம் சென்று, வகுப்பில் சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டோம். ஆறு கதிகள் மணிமேகலையிலும் உண்டு என்று கூறியபோது அவன் நம்பவில்லை. நூலை எடுத்துக் காட்டினோம். "அப்படியானால் ஐயா அந்தத் தொடரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டான். பார்த்தோம் என்றோம். அவனுடைய தாயாரின் வீட்டிற்கு மாதம் ஒருமுறை மாலையில் செல்கின்றோம். அங்கே அதிகம் பேசுவதில்லை. சற்று நேரம் அமைதியாக அமர்ந்திருந்து, ஒரு சங்கீதம் வாசித்துத் திரும்புகின்றோம். ஒலித்தொடரை விட்டுவிடும்படி நாம் அவரிடம் கூறவில்லை.